கவிழ்ந்த 2/2: மேஜிக் கார்டு ஆட்டத்தில் பாவ்லாவுக்கு இடம் செய்த விதம்

## ஆய்வின் எல்லை

கார்டு ஆட்டத்தில் பாவ்லா காட்டும் விதியைச் சேர்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது, எதிராளியிடமிருந்து எதை மறைக்கலாம் என்பதைத்தான். இங்கே பதிவாகும் நிகழ்வில் அந்தச் சேர்க்கை 'மேஜிக்' என்ற ஒரே ஆட்டத்துக்குள் மூன்று கட்டமாக நடந்தது. 1993-ல் வந்த வடிவத்தை வைத்து நேர்மையாக ஆடவே முடியவில்லை. 2002-ல் வந்ததை ஆட முடிந்தது, ஆனால் கோணலாக. 2014-ல்தான் கோணல் நிமிர்ந்தது. மூன்று கட்டத்திலும் மறைக்கப்பட்டது ஒன்றேதான்: மேஜையில் கவிழ்ந்து கிடக்கும் உயிரினக் கார்டு. எதிராளிக்கு வெளியே என்ன தெரிந்தது என்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறியது. நான் கவனித்துப் படித்ததும் அதைத்தான்.

வேலையில் ஈடுபட்டவர்கள் பலர். பல ஆண்டுகளில் கைமாறிய வேலை. அதனால் பெயர்களை விட்டுவிட்டு விதிக்குழு, வடிவமைப்புக் குழு என்றே குறிப்பிடுகிறேன்.

## பின்னணி

டிரேடிங் கார்டு ஆட்டம் என்ற வகையை உலகெங்கும் கொண்டு சென்றது 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த ஆட்டத்தை அமெரிக்காவின் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆடிப் பழகாதவர்களுக்காக, இந்த ஆய்வுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி. அவரவர் கோத்துக்கொண்டு வந்த டெக், அதாவது கார்டுக் கட்டு. சுற்றுக்கு ஒரு நிலக் கார்டை இறக்கலாம். நிலத்தைச் சாய்த்தால் மானா கிடைக்கும். மற்றக் கார்டுகளை விளையாட அதுதான் செலவுப் பணம். நிலத்துக்கும் மானாவுக்கும் கார்டுக்கும் நிறம் உண்டு; கார்டின் நிறத்துக்கேற்ற மானா வேண்டும். மூன்றாம் சுற்றில் மூன்று நிலம், நான்காம் சுற்றில் நான்கு என்று வளரும். உயிரினக் கார்டில் 2/2 போல இரண்டு எண் இருக்கும்: முதலாவது அது கொடுக்கும் அடி, இரண்டாவது அது தாங்கும் அடி. ஒருவர் தன் உயிரினத்தைத் தாக்க அனுப்பினால், மறிப்பதா விடுவதா என்று எதிராளி முடிவு செய்வார். விட்டால் அடி அவருடைய உயிர்ப் புள்ளியில் விழும்.

கையில் உள்ள கார்டு எதிராளிக்குத் தெரியாது என்பதால் இந்த ஆட்டத்தில் பாவ்லா தொடக்கம் முதலே உண்டு. கையில் ஒன்றுமே இல்லாதவர் இரண்டு நிலத்தைச் சாய்க்காமல் விட்டு, எதிராளியின் சுற்றிலும் போடக்கூடிய திடீர் மந்திரம் வைத்திருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது கையில் உள்ள ரகசியம். கேள்வி என்னவென்றால், மேஜையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கும் பொருளையே சந்தேகத்துக்கு உரியதாக ஆக்க முடியுமா? கைக்குள் இருப்பது இல்லாமலும் இருக்கலாம். மேஜையில் இருப்பது இருக்கிறது, என்னவென்றுதான் தெரியவில்லை. பின்னது வேறு வகைப் பதற்றம்.

## 1993: எல்லாவற்றையும் மறைத்ததில் வந்த சிக்கல்

1993-ல் வெளியான முதல் கார்டுத் தொகுப்பிலேயே இதற்கு இரண்டு முயற்சி இருந்தன. ஒன்று இல்யூஷனரி மாஸ்க் என்ற முகமூடிக் கார்டு. அதை வைத்திருப்பவர் எந்த உயிரினத்தையும் கவிழ்த்து இறக்கலாம். உண்மை விலையை எதிராளி ஊகிக்காமலிருக்க, வேண்டுமென்றே கூடுதலாக மானா கட்டலாம் என்றுகூட அந்தக் கார்டிலேயே எழுதியிருந்தது. அடி கொடுத்தாலோ வாங்கினாலோ சாய்ந்தாலோ அது புரள வேண்டும். இன்னொன்று கேமஃப்ளாஜ். தாக்கும் உயிரினங்களைக் கவிழ்த்துக் கலைத்து வைத்துவிடலாம். எதிராளி எது எதுவென்று தெரியாமலே மறிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யோசனையாகக் கேட்டால் இரண்டுமே அருமை. ஆட உட்கார்ந்தால்தான் பிரச்சினை தெரியும். அதே தொகுப்பில் டெரர் என்ற கொல்லும் மந்திரம் இருந்தது. கருப்பு நிற உயிரினத்தின் மேல் அது செல்லாது. கவிழ்ந்து கிடக்கும் உயிரினத்தின் மேல் டெரரைப் போடலாமா? அது கருப்பா இல்லையா என்று போடுகிறவருக்குத் தெரியாது. தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு உண்மையைச் சொல்ல மனம் இருக்காது, சொன்னால் ரகசியம் போய்விடும். பறக்கும் உயிரினத்தைப் பறக்காதது மறிக்க முடியாது, கவிழ்ந்தது பறக்கிறதா? கேமஃப்ளாஜ் இதை முன்கூட்டியே உணர்ந்து, செல்லாத மறிப்பு நடந்திருந்தால் அது மறிப்பே ஆகாது என்று ஒரு வரி சேர்த்திருந்தது. ஒட்டுப்போட்ட வரி அது.

ஆக, கவிழ்ந்த கார்டின் எல்லாத் தன்மையும் அடியில் உயிரோடு இருந்தது, அதைத் தெரிந்தவர் ஒருவர் மட்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் அவரே ஆட்டக்காரர், அவரே நடுவர். எதிராளியின் நிலையிலிருந்து பார்த்தால் அவர் ஊகிக்கவில்லை, குருட்டாம்போக்கில் கைவைக்கிறார். பாவ்லா என்றால் எதிராளி கணக்குப் போட்டு ஏமாற வேண்டும். கணக்குப் போட எதுவுமே இல்லாத இடத்தில் அவர் ஏமாறவும் முடியாது.

முகமூடிக் கார்டு பிற்காலத்தில் பழைய கார்டுகள் செல்லும் போட்டி வகையில் புகழ்பெற்றதும் பாவ்லாவுக்காக அல்ல. ஃபிரெக்சியன் டிரெட்நாட் என்ற 12/12 உயிரினம் ஒரே ஒரு மானாவுக்குக் கிடைக்கும், ஆனால் இறங்கியதும் மற்ற உயிரினங்களைப் பலி கொடுக்கச் சொல்லும். முகமூடிக்குக் கீழே கவிழ்த்து இறக்கினால் அந்தப் பலியிலிருந்து தப்பிவிடலாம். மறைப்பதற்கென்று செய்த கருவி குறுக்குவழியாகப் பயன்பட்டது. எதிராளி அடியில் இருப்பது என்னவென்று தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

## 2002: வெளித்தோற்றத்தை மட்டும் நிர்ணயித்த முடிவு

இந்த இரண்டு பழைய கார்டுகளையும் விதிப்புத்தகத்துக்குள் எப்படியாவது அடக்க வேண்டும் என்று விதிக்குழு முட்டி மோதியதிலிருந்துதான் அடுத்த கட்டம் பிறந்தது. கார்டு வடிவமைப்பவர்களிடமிருந்து வராமல், ஓட்டைகளை அடைப்பதே வேலையாக இருப்பவர்களிடமிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நிறுவனத்துக்குள் எல்லோரும் உடனே கைதட்டிவிடவில்லை. கடைசியில் 2002 அக்டோபரில் வெளிவந்த ஆன்ஸ்லாட் தொகுப்பில் மார்ஃப் என்ற பெயரில் அது இடம்பிடித்தது.

முடிவு இதுதான். மார்ஃப் எழுதிய கார்டை, எந்த நிறத்திலும் 3 மானா கட்டிக் கவிழ்த்து இறக்கலாம். கவிழ்ந்திருக்கும்வரை அது 2/2. பெயர் இல்லை, நிறம் இல்லை, இனம் இல்லை, திறன் இல்லை. பிறகு கார்டில் எழுதியுள்ள மார்ஃப் விலையைக் கட்டினால் எப்போது வேண்டுமானாலும் புரட்டலாம்.

1993-ல் இருந்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். உண்மையில் முழுக்கத் தலைகீழ். முன்பு கவிழ்ந்த கார்டு 'யாரென்று தெரியாத ஓர் உயிரினம்'. இப்போது அது யாரென்று எல்லோருக்கும் தெரியும்: நிறமற்ற வெறும் 2/2. டெரர் செல்லும், ஏனென்றால் அது கருப்பு இல்லை. தரையில் நிற்பது மறிக்கலாம், ஏனென்றால் அது பறக்கவில்லை. விதி எந்த இடத்திலும் அடியில் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நிகழ்காலம் வெளிச்சத்தில், எதிர்காலம் மட்டும் இருட்டில்.

இதோடு எடுத்த மூன்று உபமுடிவுகளையும் சொல்ல வேண்டும், அவைதான் விதியைத் தாங்கி நிற்கின்றன.

முதலாவது விலை. 3 மானாவுக்கு வெறும் 2/2 என்பது நஷ்ட வியாபாரம். முதல் தொகுப்பிலேயே 2 மானாவுக்கு 2/2 கரடி கிடைத்தது. ரகசியத்துக்கு ஒரு மானா கூடுதல் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, புரட்டுவதற்கு எதிராளி குறுக்கே பதில் சொல்ல முடியாது. பெரும்பாலான மந்திரங்களுக்கு இந்த ஆட்டத்தில் பதில் சொல்லலாம். புரட்டலுக்கும் அப்படி அனுமதித்தால், அடியில் இருப்பதைப் பார்த்த கணத்தில் எதிராளி அது முழுசாக எழுவதற்குள் அடித்துப் போட்டுவிடுவார். மூன்றாவது, கவிழ்ந்த கார்டு மேஜையை விட்டுப் போகும்போதும் ஆட்டம் முடியும்போதும் கட்டாயம் திறந்து காட்ட வேண்டும். மார்ஃப் இல்லாத கார்டைக் கவிழ்த்து வைப்பது பாவ்லா அல்ல, மோசடி. அந்தக் கோட்டைக் காப்பது இந்தக் கடைசித் திறப்புதான்.

## ஆன்ஸ்லாட் காலத்தில் கண்டவை

ஆன்ஸ்லாட்டைத் தொடர்ந்து 2003 பிப்ரவரியில் லீஜன்ஸ், மே மாதம் ஸ்கர்ஜ் வந்தன. மூன்றிலும் மார்ஃப். லீஜன்ஸ் முழுக்க உயிரினக் கார்டுகளே உள்ள தொகுப்பு. திடீர் மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சுமையை மார்ஃப் சுமந்தது. வில்பெண்டர் புரண்டால் எதிராளியின் மந்திரத்தை வேறு இலக்குக்குத் திருப்பிவிடும். எக்கோ டிரேசர் புரண்டால் ஒரு உயிரினத்தைக் கைக்குத் திருப்பி அனுப்பும். ஸ்கிர்க் மராடர் புரண்டால் 2 அடி. கவிழ்ந்த கார்டு திடீர் மந்திரத்தின் வேலையைச் செய்ய முடியும் என்று காட்டியது இந்தத் தொகுப்பு, அதுவே அதன் பெரிய பங்களிப்பு.

கோணல் இரண்டு இடத்தில் தெரிந்தது.

ஒன்று, தேர்ந்து கோத்த டெக்குகளோடு ஆடும் போட்டிகளில். எக்ஸால்டட் ஏஞ்சல் என்ற தேவதைக் கார்டின் நேர் விலை 6 மானா. மார்ஃப் விலை 4. மூன்றாம் சுற்றில் கவிழ்த்து, நான்காம் சுற்றில் புரட்டினால் பறக்கும் 4/5, அடிக்கும்போதெல்லாம் அதே அளவு உயிர்ப் புள்ளியும் சேரும். வலுவான கார்டுதான், சந்தேகமில்லை. ஆனால் பாவ்லா என்ற கணக்கில் அது விதிக்கே பகை. வெள்ளை டெக்காரர் மூன்றாம் சுற்றில் எதையோ கவிழ்த்தால் அது என்ன என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அந்த டெக்கில் மார்ஃப் அது ஒன்றுதான். எதிராளி யோசிக்கவே இல்லை. 1 மானா ஷாக் மந்திரத்தின் 2 அடியை அதன் மேல் போட்டார், 2/2 செத்தது. நம்பத்தக்க சாத்தியம் குறைந்தது இரண்டாவது இருந்தால்தான் சந்தேகம் பிறக்கும். ஒன்றே ஒன்று என்றால் கவிழ்த்து வைத்தாலும் அது திறந்த கார்டுதான்.

இரண்டாவது கோணல், பாக்கெட்டுகளை அங்கேயே பிரித்து டெக் கோத்து ஆடும் லிமிடெட் வகையில். இங்கே சாத்தியங்கள் தாராளம். இருவர் பக்கமும் கவிழ்ந்த கார்டுகள் நிற்கும். பாவ்லாவுக்கு இதைவிட நல்ல களம் கிடையாது. ஆனாலும் பேட்டரிங் கிரேக்ஹார்ன் போன்ற கார்டுகள் அதைக் கெடுத்தன. அது காமன் கார்டு, அடிக்கடி கண்ணில் படும். மார்ஃப் விலை 3 மானா. புரண்டால் 3/1, அதோடு முதல் அடி அதனுடையது. நான்காம் சுற்றில் தாக்க வருகிறது, எதிரே உள்ள கவிழ்ந்த 2/2 மறிக்கிறது, இது புரள்கிறது: முதல் அடியிலேயே எதிரி சாகிறது, இதற்குக் கீறல்கூட இல்லை. ஸ்கர்ஜில் வந்த ஸோம்பி கட்த்ரோட் இன்னும் மோசம். 5 உயிர்ப் புள்ளியைக் கட்டினால் போதும், மானாவே வேண்டாம், 3/4 ஆகப் புரளும்.

விளைவு என்ன? யார் முதலில் ஆடத் தொடங்கினாரோ அவர் ஒரு சுற்று முன்னால் இருக்கிறார். அவருடைய கவிழ்ந்த கார்டு நான்காம் சுற்றில் தாக்க வரும்போது எதிராளி மறிக்க அஞ்சுவார். அஞ்சுவது சரியும்கூட. அப்படியானால் மறிக்காமலிருப்பதே எப்போதும் சரி. எப்போதும் சரியான பதில் ஒன்று இருந்தால் பாவ்லா காட்டுபவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்தில்லாத பாவ்லாவை எல்லோரும் எல்லா நேரமும் காட்டுவார்கள். அப்புறம் அது பாவ்லா இல்லை, வாடிக்கை.

இதற்கு மேல் ஞாபகச் சுமை. தொகுப்பிலுள்ள மார்ஃப் கார்டுகள் எல்லாவற்றையும், அவற்றின் விலையையும் மனப்பாடம் செய்தவருக்கு எதிரே உள்ளது 'மூன்று நிலத்தில் இது இதுவாக இருக்கலாம்' என்று தெரியும். புதிதாக வந்தவருக்கு எதிரே உள்ளது வெறும் அச்சம். பட்டியலைப் படித்தவர் வெல்வதில் தவறில்லை. ஆனால் பட்டியல் தெரியாதவர் ஆட்டத்துக்குள்ளேயே வர முடியவில்லை என்றால் அது விதியின் குறை.

## இடையில் ஒரு திரும்பல்

2006-ல் டைம் ஸ்பைரல் தொகுப்பு பழைய நினைவுகளைக் கிளறுவதற்காகவே செய்யப்பட்டது, மார்ஃபும் திரும்பியது. மறுபடியும் அது பாவ்லாவை விட்டு விலகிப் போனது. வெசுவன் ஷேப்ஷிஃப்டர் சுற்றுதோறும் தன்னைத் தானே கவிழ்த்துக்கொண்டு மறுபடி புரளும், புரளும்போது வேறொன்றின் நகலாகும். பிரைன் எலிமெண்டல் புரண்டால் எதிராளியின் நிலங்கள் அடுத்த சுற்றில் நிமிராது. இரண்டையும் சேர்த்தால் எதிராளியின் நிலம் இனி ஒருபோதும் நிமிராது. பிக்கிள்ஸ் என்ற பெயரில் ஆட்டக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். இதில் ரகசியம் ஏதுமில்லை. கவிழ்வதும் புரள்வதும் ஓர் இயந்திரத்தின் பற்சக்கரம். அடுத்த ஆண்டு ஃபியூச்சர் சைட்டில் வந்த ஸோயட்டிக் கேவர்ன் எனக்குப் பிடித்த ஒன்று: அது நிலக் கார்டு, ஆனால் மார்ஃப் உண்டு. உயிரினம் என்று எதிராளி அஞ்சிய பொருள் அடியில் வெறும் குகை. சந்தேகத்துக்கு உரிய சாத்தியங்களின் அகலத்தை ஒரே கார்டு கூட்டியது.

## 2014: ஐந்து மானா வரம்பு

2014 செப்டம்பரில் கான்ஸ் ஆஃப் தார்கிர் தொகுப்புக்காக மார்ஃபை மறுபடி எடுத்தபோது வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு நடைமுறைத் தேவையும் இருந்தது. தொகுப்பு ஐந்து குலங்களைச் சுற்றியது, ஒவ்வொரு குலத்துக்கும் மூன்று நிறம். மூன்று நிற டெக் என்றால் சரியான நிற நிலம் சரியான நேரத்தில் வராமல் கையைப் பிசைந்துகொண்டு உட்காரும் ஆட்டங்கள் நிறைய இருக்கும். எந்த நிறத்திலும் 3 மானா கட்டி இறக்கக்கூடிய 2/2 அந்தக் காத்திருப்பை நிரப்பியது. பாவ்லாவை விரும்பாதவருக்கும் மார்ஃபை இறக்க ஒரு காரணம் இருந்தது. இது முக்கியம். பாவ்லாவுக்காக மட்டுமே ஒருவர் கார்டைக் கவிழ்க்கிறார் என்றால் கவிழ்ப்பதே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 'நிறம் கிடைக்காமல் கவிழ்த்தாரோ, வலை விரிக்கக் கவிழ்த்தாரோ' என்று எதிராளி இரண்டு பக்கமும் யோசிக்கும்போதுதான் வலைக்கு மதிப்பு.

அதைவிடப் பெரிய முடிவு ஒரு வரம்பு. நிறுவனமே பின்னர் அதைப் பொதுவெளியில் விளக்கியது. 5 மானாவுக்குக் குறைவான செலவில் புரளும் எந்த உயிரினமும், எதிரே கவிழ்ந்து நிற்கும் 2/2-ஐக் கொன்றுவிட்டுத் தானும் பிழைத்திருக்கக் கூடாது. கொல்லலாம், ஆனால் சாக வேண்டும். பிழைக்கலாம், ஆனால் கொல்லக் கூடாது. இரண்டும் வேண்டுமென்றால் 5 மானா.

கார்டுகளைப் பார்த்தால் வரம்பு எவ்வளவு கறாராகக் காக்கப்பட்டது என்று புரியும். மொனாஸ்டரி ஃபிளாக் வெறும் 1 மானாவில் புரளும், 0/5 ஆகும்; சாகாது, கொல்லவும் செய்யாது. கேன்யன் லர்க்கர்ஸ் 3 மானாவில் 5/2 ஆகும். கொல்லும், கூடவே சாகும். ரூத்லெஸ் ரிப்பருக்கு மானாவே வேண்டாம், கையிலிருந்து ஒரு கருப்புக் கார்டைக் காட்டினால் போதும். தொட்டதெல்லாம் சாகும் திறன் உண்டு, ஆனால் அது 1/1, எனவே தானும் போகும். குலத்துக்கு ஒன்றாக வந்த ஐந்து காமன் மார்ஃப் கார்டுகளும் சரியாக 5 மானாவில் புரள்கின்றன. அப்ஸான் கைடு 4/4, அடித்தால் உயிர்ப் புள்ளி சேர்க்கும். ஸ்னோஹார்ன் ரைடர் 5/5.

## வரம்பு என்ன செய்தது

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் ஆளுக்கு ஒரு கவிழ்ந்த கார்டு.

மூன்றாம், நான்காம் சுற்றில் ஒருவர் தாக்க வந்தால் எதிராளி நிம்மதியாக மறிக்கலாம். மிஞ்சிப்போனால் இரண்டும் சாகும், அல்லது இரண்டும் பிழைக்கும். தன்னுடையது மட்டும் பறிபோகாது. பட்டியல் தெரியாதவருக்கும் இது ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஐந்தாவது நிலம் இறங்கிய கணம் எல்லாம் மாறுகிறது. ஐந்து நிலமும் நிமிர்ந்து நிற்க, தாக்குபவர் தன் கவிழ்ந்த 2/2-ஐ எதிரேயுள்ள 2/2-ஐ நோக்கி அனுப்புகிறார். உண்மையாகவே அப்ஸான் கைடு என்றால், மறித்தவர் தன் உயிரினத்தை இழப்பார். பொய்யென்றால் 2/2-உம் 2/2-உம் மோதும். புரட்ட முடியாமல் அடியில் கிடந்த நல்ல கார்டு தாக்கியவருக்கு நஷ்டமாகலாம்.

இப்போது எதிராளி கணக்குப் போட என்னென்ன இருக்கின்றன? நிலங்களின் எண்ணிக்கை தெரியும். அவற்றின் நிறம் தெரியும். பச்சை நிலமே இல்லாதவர் அப்ஸான் கைடைப் புரட்ட முடியாது. போன சுற்றில் இதே கார்டு ஏன் தாக்கவில்லை என்று தெரியும். நிலத்தை வேறு செலவுக்குச் சாய்க்காமல் ஏன் வைத்திருக்கிறார் என்றும் யோசிக்கலாம். இவ்வளவும் வெளிச்சத்தில் இருப்பதால்தான் தாக்குபவர் அவற்றைக் கொண்டு ஒரு பொய்க் கதையைக் கட்ட முடிகிறது. யாழ்ப்பாணத்தில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இது பழகிய இடம்: துரும்பு கவிழ்ந்தே கிடக்கும், ஆனால் எத்தனைக்குக் கேட்டார் என்பது சபையறிந்தது, கேட்டதை வைத்துத்தான் கவிழ்ந்ததை ஊகிக்கிறார்கள்.

மறிக்காமல் விடுவதன் விலையையும் பார்க்க வேண்டும். விட்டால் போவது 2 உயிர்ப் புள்ளி, மொத்தம் 20-ல். ஒரு தடவை விட்டால் வலிக்காது. நாலைந்து தடவை விட்டால் பாதிப் புள்ளி போயிருக்கும். இதைப் பந்தயத் தொகையாகப் பாருங்கள்: கவிழ்ந்த கார்டு 1/1 என்றால் யாரும் கவலைப்பட்டு மறிக்கவே மாட்டார்கள், 4/4 என்றால் எப்படியும் மறித்தே ஆக வேண்டும். 'இந்த ஒரு தடவை விட்டுவிடலாமா' என்ற தயக்கம் நிற்கும் அளவு 2. அந்த எண்ணை 2002-லேயே சரியாகப் பிடித்திருந்தார்கள். 2014-ல் திருந்தியது காலம்.

சுருக்கமாகச் சொன்னால், வரம்பு வந்தபின் தாக்குபவருக்கு ஆபத்து உண்டு, மறிப்பவருக்கும் ஆபத்து உண்டு, எது எப்போதும் சரி என்று இருவருக்கும் சொல்ல முடியாது. ஐந்தாவது நிலத்துக்கு முன் அஞ்ச வேண்டிய சாத்தியங்கள் ஆன்ஸ்லாட்டைவிடத் தார்கிரில் குறைவு. சந்தேகம் கூடியது.

## தொடர்ந்து வந்தவை

2015 ஜனவரியில் ஃபேட் ரீஃபோர்ஜ்ட் தொகுப்பு மேனிஃபெஸ்ட் என்ற கிளையைக் கொண்டுவந்தது. டெக்கின் மேல் கார்டை அப்படியே கவிழ்த்து 2/2 ஆக வைப்பது; உயிரினமாக இருந்தால் அதன் விலையைக் கட்டிப் புரட்டலாம். நிலமாகவும் இருக்கலாம், மந்திரமாகவும் இருக்கலாம். சாத்தியங்கள் பெருகினால் பாவ்லாவும் பெருகும் என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. மார்ஃபை ஒருவர் தேர்ந்தெடுத்துக் கவிழ்க்கிறார். அதில் நோக்கம் இருக்கிறது, எதிராளி நோக்கத்தைப் படிக்கலாம். மேனிஃபெஸ்ட் தானாக வந்து விழுந்தது. எதிராளி விகிதத்தை மட்டுமே கணக்கிடலாம். ஆளைப் படிக்கும் ஆட்டம் அங்கே பின்வாங்கிவிடுகிறது.

அதே ஆண்டு மார்ச்சில் டிராகன்ஸ் ஆஃப் தார்கிரின் மெகாமார்ஃப், புரளும்போது உயிரினத்தோடு +1/+1 கூட்டியது. கனம் கூடியது, சந்தேகம் கூடவில்லை. ஆட்டக்காரர்களிடையே அதற்குப் பெரிய வரவேற்பும் இல்லை.

2024 பிப்ரவரியில் மர்டர்ஸ் அட் கார்லோவ் மேனர் ஒரு கொலைத் துப்பறியும் கதையை ஒட்டிய தொகுப்பு. முகத்தை மறைக்கும் விதி அங்கே பொருந்தாமல் வேறெங்கே பொருந்தும்? இம்முறை டிஸ்கைஸ் என்ற பெயர், 3 மானாவுக்கு அதே 2/2. ஆனால் எதிராளி அதை மந்திரத்தால் குறிவைத்தால் கூடுதலாக 2 மானா கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் வீண். காரணம் எளிது. 2002-க்குப் பிறகு உயிரினக் கார்டுகள் பலமடங்கு வலுத்துவிட்டன. 3 மானாவுக்கு 2/2 இறக்குவதே நஷ்டம், அதை 1 மானா மந்திரத்தில் எதிராளி சாய்த்துவிட்டால் பாவ்லா காட்ட நேரமே கிடைக்காது. எக்ஸால்டட் ஏஞ்சல் தேவதைக்கு நேர்ந்தது எல்லாக் கவிழ்ந்த கார்டுக்கும் நேரும். 2 மானா அபராதம் எதிராளியைத் தயங்க வைக்கிறது: இவ்வளவு கொடுத்து அடித்துவிட்டு, அடியில் இருந்தது குப்பை என்று தெரிந்தால்? கொல்வதற்கும் ஒரு விலை வந்தது, அங்கேயும் பாவ்லாவுக்கு வேலை வந்தது. இந்த மாற்றத்தை மறிப்பு வரம்புக்கு இணையாகவே மதிக்கிறேன்.

அதே ஆண்டு செப்டம்பரில் டஸ்க்மோர்ன் தொகுப்பில் மேனிஃபெஸ்ட் டிரெட்: மேல் இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றைக் கவிழ்ப்பது, மற்றது கல்லறை எனப்படும் கழிவுக் குவியலுக்கு. மேனிஃபெஸ்ட்டில் காணாமற்போன தேர்வு சிறிதளவு திரும்பியது.

## மாற்ற வேண்டியவை

இதே போன்ற விதியைத் தன் ஆட்டத்தில் சேர்க்க நினைப்பவர் விலை வரம்பை முதல் நாளிலேயே எழுதிவைக்கலாம். கார்டுகளை வரைந்து முடித்தபின் வரம்பைத் தேடினால் தேவதைகள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். ஒரு டெக்கில் கவிழ்க்கத்தக்க கார்டு ஒரே வகைதான் இருக்க முடியும் என்ற நிலை வராதபடி, ஒரே நிறத்தில் ஒரே செலவில் புரளும் இரண்டு மூன்று கார்டுகளாவது போட்டியில் எடுத்தாளும் வலுவோடு இருக்க வேண்டும். மேஜிக்கே இதை இன்னும் முழுசாகச் செய்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். டெக் கோத்து ஆடும் போட்டிகளில் கவிழ்ந்த கார்டு இன்றும் அரிது.

ஆட்டம் முடிந்ததும் திறந்து காட்டும் விதியை வைத்திருக்கத்தான் வேண்டும். தோற்றவர் கார்டுகளைச் சட்டென்று அள்ளிவிடுவார், பழக்கதோஷம். இதை மறந்ததற்கே போட்டிகளில் ஓர் ஆட்டத்தை இழக்க வேண்டியிருந்த காலம் உண்டு. பின்னர் அது தளர்ந்தது. கணினியில் ஆடினால் இந்தக் கவலையே இல்லை, செல்லாத கார்டைக் கவிழ்க்க மென்பொருள் விடாது. அச்சுக் கார்டில் ஆடுகிறவர்களுக்குத் தார்கிர் பாக்கெட்டுகளில் வந்த நினைவூட்டல் கார்டு நல்ல வழி. கவிழ்ந்ததன் மேல் வைத்துக்கொள்ளலாம், 2/2 என்பதும் தெரியும், அள்ளும்போது கையிலும் தட்டும்.

எனக்கு உறுத்தலாக எஞ்சியிருப்பது பெயர்ப் பெருக்கம். மார்ஃப், மேனிஃபெஸ்ட், மெகாமார்ஃப், டிஸ்கைஸ், மேனிஃபெஸ்ட் டிரெட் என்று ஐந்தும் ஒரே மேஜையில் கலந்து இறங்கும் ஆட்டங்கள் இப்போது நடக்கின்றன. எந்தக் கவிழ்ந்த கார்டு எந்த வழியில், எந்த வரிசையில் வந்தது என்று பிரித்துக் காட்டி வைக்க வேண்டியது ஆடுகிறவரின் பொறுப்பு. ஒன்றுக்கு 2 மானா அபராதம் உண்டு, அடுத்ததற்கு இல்லை. ஒன்று நிலமாக இருக்கலாம், மற்றதில் அது அபூர்வம். 2002-ன் முடிவு வென்றதற்குக் காரணம், கவிழ்ந்தது எதுவானாலும் வெளியில் ஒரே ஓடு என்பதுதான். இனி ஒரு கிளை வருமானால் அது பழைய ஓடுகளில் ஒன்றையே அணிந்து வர வேண்டும். என் தேர்வு டிஸ்கைஸின் ஓடு.